எடுத்தால்தான் காசு

ஒரு போனை எடுக்க ஓர் ஆளைப் போடாமல், அந்தப் போனுக்கு ஆகும் செலவைக் குறைக்க ஏழு ஆளைப் போட்ட நிர்வாகத்தின் கதை இது. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை.

குடியிருப்பு நிர்வாகத்தின் கீழ் பத்து பிளாக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் பத்து மாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லிஃப்ட். பத்து லிஃப்டுக்கும் ஒரே வயது, ஒரே வியாதி. நினைத்த இடத்தில் நின்றுவிடும். இரும்புப் பெட்டிக்குள் கைபேசிக்கு சிக்னல் வராது என்பதால், ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு ரிசீவரை மாட்டி, அதன் பக்கத்தில் ஒரே ஒரு பட்டனை வைத்திருந்தார்கள். அழுத்தினால் நிர்வாக அலுவலகத்தின் தரைவழிப் போன் அடிக்கும். வெளியிலிருந்து லிஃப்டுக்குப் போன் போட முடியாது. உள்ளே மாட்டிக்கொண்டவர்தான் கூப்பிட வேண்டும்.

அந்த அலுவலகப் போனுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டர் அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மணிக்குள் எடுத்து, "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்பார். அந்தக் குரலைக் கேட்டாலே பாதி லிஃப்ட் திறந்த மாதிரி இருக்கும். அவர் ஓய்வுபெற்றபோது மாலை போட்டு அனுப்பிவைத்த நிர்வாகம், மறுநாளே அந்தப் பணியிடத்தையும் ரத்து செய்தது. போனுக்கு வரும் அழைப்பையெல்லாம் மெக்கானிக்கின் கைபேசிக்குத் திருப்பிவிட்டது. மெக்கானிக் எந்த பிளாக்கில் எண்ணெயும் பிசுக்குமாக நின்றாலும் அழைப்பு அவர் பாக்கெட்டுக்கு வந்து சேரும். எடுப்பார், கேட்பார், ஓடுவார். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதுதான் தப்பாகப் போயிற்று.

மூன்றாம் மாதம் பில் வந்தது. லிஃப்டிலிருந்து அலுவலகத்துக்குப் பேசுவது இலவசம். அலுவலகத்திலிருந்து கைபேசிக்குத் திரும்பும் அழைப்புக்கு மட்டும் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு. தொகை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பில்லில் அதற்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. தனி வரி இருந்தால் அதற்குத் தனிப் பிரிவு வேண்டும் என்பது நிர்வாகத்தின் இயற்கை. அப்படிப் பிறந்ததுதான் அழைப்புத் திருப்பச் செலவுக் குறைப்புப் பிரிவு. ஒரு சூப்பிரண்டு, ஆறு ஊழியர்கள். உட்கார இடம் தேடினார்கள். ஆபரேட்டர் அம்மாவின் அறை காலியாக இருந்தது.

ஆக, ஏழு பேரும் அந்தப் போனைச் சுற்றி மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அழைப்பு வெளியே திரும்பிவிடுவதால் போன் அவர்கள் நடுவில் வாய் மூடிக் கிடந்தது. அதன்மேல் கோப்புகளை வைத்துக்கொண்டார்கள்.

மெக்கானிக்கை முதல் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சூப்பிரண்டு மெல்லிய குரலில் பேசக்கூடியவர். பேசி முடித்ததும் தன் பேச்சுக்குத் தானே தலையாட்டிக்கொள்வார்.

"ஏம்பா, போன மாசம் ஒரு அழைப்புல நாலு நிமிஷம் பேசியிருக்கே. அப்படி என்ன பேச்சு?"

"ஒரு சின்னப் பொண்ணு தனியா மாட்டிக்கிச்சு சார். அழுதுச்சு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே போனேன்."

"அது அழுததுக்கு நிர்வாகம் ஏன்பா காசு கட்டணும்?"

மெக்கானிக் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஏழு பேர். நடுவில் போன். மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிட்டார்.

"சார், இந்தப் போனைத் திருப்பாம விட்டா இங்கேயே அடிக்குமே. உங்கள்ல யாராவது எடுத்து, நாலாம் பிளாக், அஞ்சாம் பிளாக்குன்னு எனக்கு ஒரு குரல் கொடுத்தா..."

ஆறு ஊழியர்களும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க செலவைக் குறைக்க வந்தவங்கப்பா. போன் எடுக்க வந்தவங்க இல்லை."

முதல் சுற்றறிக்கையில் பேச்சுக்கு முப்பது விநாடி உச்சவரம்பு வந்தது. மாட்டிக்கொண்டவர் பிளாக் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். வணக்கம் கூடாது. "சீக்கிரம் வாங்க" கூடாது, ஏனென்றால் சீக்கிரம் வருவதும் வராததும் நிர்வாகத்தின் உரிமை. அழுகை, இருமல், கடவுள் பெயர் ஆகியவை தனிப்பட்ட அழைப்பாகக் கருதப்படும். அடுத்த மாத பில் பாதியாகக் குறைந்தது. பிரிவுக்குப் பாராட்டு வந்தது. பாராட்டு வந்த இடத்தில் அது சும்மா இருக்குமா? மீதிப் பாதியையும் ஒழிக்க வழி தேடியது.

வழி சூப்பிரண்டின் வீட்டிலிருந்தே கிடைத்தது. அவர் தினமும் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது மனைவிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு தடவை அடித்து நின்றால் கிளம்பிவிட்டார் என்று பொருள். இரண்டு தடவை அடித்தால் தாமதமாகும். காசு ஒன்றும் ஆகாது, எடுத்தால்தான் காசு. பதினெட்டு வருஷமாக இப்படித்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. அந்த ஞானத்தை அவர் நிர்வாகத்துக்குக் காணிக்கையாக்கினார்.

இரண்டாவது சுற்றறிக்கை இப்படி வந்தது. முதல் பிளாக் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் பட்டனை அழுத்தி, ஒரு தடவை மணி அடித்ததும் ரிசீவரை வைத்துவிட வேண்டும். இரண்டாம் பிளாக் என்றால் இரண்டு தடவை. இப்படியே பத்து வரை. மெக்கானிக் எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. எண்ணிக்கொண்டு, அந்த பிளாக்குக்குப் போக வேண்டும். எடுத்தால் முதல் தடவை விளக்கம், இரண்டாம் தடவை எச்சரிக்கை, மூன்றாம் தடவை வேலை போகும். தன் சொந்த எண்ணைக் குடியிருப்போருக்குக் கொடுப்பதும் குற்றம்.

இதற்கு ஒத்திகையும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி, சூப்பிரண்டு ஒலிபெருக்கியில் "மாட்டிக்கொள்ளுங்கள்!" என்றார். குடியிருப்போர் காதில் கையை வைத்து மனதுக்குள் எண்ணி, கையை இறக்கினார்கள். நாலாம் பிளாக் ஏழாம் மாடிக் கண்டக்டர் மட்டும் சத்தமாகவே எண்ணினார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த குரல், மெல்லப் பேசச் சொன்னாலும் வராது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர். உடம்புதான் பாதியாகியிருந்தது, குரலும் குறும்பும் அப்படியே இருந்தன.

"சூப்பிரண்டு சார், ஒரு சந்தேகம். பத்தாம் பிளாக்காரன் பத்து வரைக்கும் எண்றதுக்குள்ள அஞ்சாவதுல உயிர் போச்சுன்னா, மெக்கானிக் அஞ்சாம் பிளாக்குக்குப் போவாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பிரண்டு அதைக் குறித்துக்கொண்டார்.

திட்டம் தொடங்கிய முதல் வாரமே குளறுபடி வெளிப்பட்டது. அழைப்பு சுற்றிக்கொண்டு கைபேசிக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். லிஃப்டில் இருப்பவர் காதில் மணி இரண்டு தடவை அடித்த பிறகுதான் மெக்கானிக்கின் கைபேசி வாயைத் திறக்கும். நாலாம் பிளாக்காரர் நாலு தடவை எண்ணி வைத்தால், இங்கே இரண்டுதான் அடிக்கும். மெக்கானிக் இரண்டாம் பிளாக்குக்கு ஓடுவார். முதல், இரண்டாம் பிளாக்காரர்கள் மாட்டிக்கொண்டால் யாருக்குமே தெரியாது.

பிரிவு விழித்துக்கொண்டது. குடியிருப்போர் இரண்டு தடவை கூடுதலாக அடிக்க விட வேண்டும் என்று லிஃப்ட் தோறும் அறிவிப்பு ஒட்டினார் ஓர் ஊழியர். எதிர் மேஜை ஊழியரும் விழித்துக்கொண்டார். மெக்கானிக் எண்ணியதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் ஓர் ஆணை போட்டார். இருவரும் ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்கள். ஆனாலும் கோப்பு வழியாக அல்லாமல் பேசிக்கொள்வது மரபில்லை.

மெக்கானிக் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போனார்.

"சார், நாலாம் பிளாக்காரர் ரெண்டு சேத்து ஆறு தடவை அடிக்க விடுறார். எனக்கு நாலு வருது. சரியாப் போச்சு. இப்ப நானும் ரெண்டு கூட்டினா ஆறாம் பிளாக்குக்குல்ல போவேன்?"

"ஏம்பா, தப்பைத் திருத்தினது தப்புங்கிறியா?"

"திருத்தினது சரிதான் சார். ரெண்டு பக்கமும் திருத்திட்டீங்களே."

"அப்ப ரெண்டு மடங்கு சரி" என்றார் சூப்பிரண்டு. தலையாட்டிக்கொண்டார்.

ஆணை ஆணைதான். நாலு அடித்தால் ஆறாம் பிளாக்குக்குப் போய், அங்கே லிஃப்ட் ஓடுகிறது, யாரும் மாட்டவில்லை என்று ஒரு குடித்தனக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகு "விடுபட்ட பிளாக்" என்ற தலைப்பில் நாலாம் பிளாக்குக்குப் போகலாம். ஒன்பதும் பத்தும் அடித்தால் பதினொன்று, பன்னிரண்டு என்று ஆகும். பன்னிரண்டு வரைக்கும் நிர்வாகம் பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டைத் தாண்டினால்? கண்டக்டர் முற்றத்தில் கிளப்பிய சந்தேகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சூப்பிரண்டு அதற்கும் ஒரு விதி எழுதினார்: பன்னிரண்டு தடவைக்கு மேல் அடிக்கும் அழைப்புக்கு உரிய பிளாக் இந்தக் குடியிருப்பில் இல்லை. எனவே கவனிக்கத் தேவையில்லை.

வீட்டில் மெக்கானிக்கின் மனைவி கேட்டாள். "இவ்வளவும் பண்றதுக்கு அந்த ஏழு பேர்ல ஒருத்தர் எடுத்தா என்ன?"

"கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்க வேலை அது இல்லையாம்."

"அப்ப அவங்க வேலைதான் என்ன?"

மெக்கானிக் சோற்றைப் பிசைந்தபடி யோசித்துப் பார்த்தார். பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு வேலையில் தொங்கின. அதனால் விதியை மீறாமல், விதிக்குப் பின்பக்கமாக ஒரு வழி வைத்திருந்தார். நாலு அடித்தால் நேராக நாலாம் பிளாக்குக்கு ஓடுவார். ஆளை வெளியே எடுத்த பிறகு, ஆறாம் பிளாக்குக்குப் போய்க் கையெழுத்து வாங்கி, நேரத்தை மட்டும் முந்தியதாகப் போட்டுக்கொள்வார். கண்டக்டரை மட்டும் அப்படி நாலு தடவை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கதவு திறந்ததும் கண்டக்டர், "நாலாம் நம்பர் ஸ்டாப்பிங், இறங்கறவங்க இறங்கலாம்!" என்று குரல் கொடுத்தபடி, மெக்கானிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

"தம்பி, நீ மட்டும் இல்லேன்னா நான் இந்தப் பெட்டிக்குள்ளயே பாஸ் முடிஞ்சு போயிருப்பேன்."

"சும்மா இருங்கண்ணே."

அந்த மாத பில்லில் திருப்பச் செலவு பூஜ்ஜியமாக வர வேண்டும் என்று பிரிவு கங்கணம் கட்டிக்கொண்டது. பூஜ்ஜியம் வந்தால் கேடயம் உண்டு. கேடயத்துக்கு முன்கூட்டியே சொல்லி, வாசகமும் பொறித்தாகிவிட்டது. மாதம் முடிய இன்னும் இரண்டே நாள். மெக்கானிக் எங்கேயாவது கை தவறி எடுத்துத் தொலைக்கப் போகிறாரே என்று, சூப்பிரண்டே நேரில் அவர் கூடவே அலைந்தார்.

அன்று பகல் பதினொன்றரைக்கு இருவரும் ஒன்பதாம் பிளாக் மொட்டைமாடியில், மோட்டார் அறையில் இருந்தார்கள். கைபேசி அடித்தது. அலுவலக எண்.

"எடுக்காதே. எண்ணு" என்றார் சூப்பிரண்டு.

இரண்டு. மூன்று. நாலாவதில் நின்றுவிடும் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார், அன்று கண்டக்டரின் டயாலிசிஸ் நாள். நிற்கவில்லை. எட்டு, பத்து, பன்னிரண்டு. பதின்மூன்று.

"தாண்டிருச்சு சார்."

"தாண்டிச்சுன்னா நம்ம பிளாக் இல்லை. விடு."

"நம்ம பிளாக் இல்லாம இந்த நம்பர்ல யாரு சார் கூப்பிடுவா?"

"அது நம்ம கவலை இல்லைப்பா. விதியில இருக்கு."

மணி அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்தது. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு மறுபடி வைத்தார். ஐந்து நிமிஷம் அப்படிப் போயிற்று. அந்த ஐந்து நிமிஷத்தை அவர் பின்னால் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது ஐந்து நிமிஷமாகவே இருக்கிறது.

மறுபடி அடித்தது. ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு. மெக்கானிக் எடுத்துவிட்டார்.

"வை! வைடா!" மெல்லிய குரல்காரர் முதல்முறையாகக் கத்தினார். "நிமிஷம் ஓடுது! பூஜ்ஜியம் போச்சு!"

எதிர்முனையில் மூச்சு மட்டும் இரைந்தது. பிறகு, அந்தக் குரலா இது என்று சந்தேகப்படும் அளவுக்குத் தேய்ந்துபோன ஒரு குரல்.

"தம்பி... நாலாம் நம்பர்..."

"அண்ணே! இதோ வர்றேன். உக்காருங்க. சாஞ்சு உக்காருங்க. பேசிக்கிட்டே இருங்க."

"கண்ணு இருட்டுது தம்பி. முன்னாடியும் அடிச்சேன். வைக்கத் தெம்பு இல்ல. எண்ணிக்கை தப்பிப் போச்சு... மன்னிச்சுக்க."

எண்ணிக்கை தப்பிப்போனதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். மெக்கானிக் மாடிப் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க முதல் ரூட்டு எது? சொல்லுங்க. எல்லா ஸ்டாப்பிங்கும் வரிசையா சொல்லுங்க."

கண்டக்டர் சொன்னார். தண்ணித்தொட்டி, மரக்கடை, பழைய ஆஸ்பத்திரி... ஒன்பதாம் பிளாக்கிலிருந்து நாலாம் பிளாக்குக்கு மெக்கானிக் ஓடினார், பத்து மாடி ஏறினார், மோட்டார் அறையைத் திறந்தார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கைபேசியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. பாக்கெட்டிலிருந்து ஸ்டாப்பிங் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பிறகு பெயர்களுக்கு நடுவே இடைவெளி கூடியது. பிறகு வரவில்லை.

ஆறாம் மாடியில் கதவைத் திறந்தபோது கண்டக்டர் மூலையில் சாய்ந்து கிடந்தார். ரிசீவர் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நேரமா நினைவில்லாம இருந்தார்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பகல் மூன்று மணிக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ரிசீவரை யாரும் எடுத்து வைக்கவில்லை. பாக்கெட்டிலிருந்த கைபேசியையும் யாரும் நினைக்கவில்லை. நாலாம் பிளாக்கின் காலி லிஃப்டும் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்ற மெக்கானிக்கின் நெஞ்சும், சார்ஜ் தீரும்வரை ஒன்றோடொன்று இணைப்பில் இருந்தன.

விசாரணை நடந்தது. மனிதர் செத்ததற்கல்ல. பில்லில் ஒரே அழைப்பு மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருந்ததற்காக. இயக்குநரே தலைமை வகித்தார். அவருக்கு முன்னால் கேடயம் பழுப்புத் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"மூணு மணி பன்னெண்டு நிமிஷம். அவர்கிட்ட அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

"முதல்ல கொஞ்ச நேரந்தான் சார் பேசினோம். அப்புறம் அவர் பேசலை."

"அவர் பேசலைன்னா கட் பண்ண வேண்டியதுதானே?"

"பேசுவார்னு நினைச்சேன் சார்."

இயக்குநர் அதை எழுதச் சொன்னார். எழுத்தர் எழுதினார்: பேசாத அழைப்பைத் துண்டிக்கத் தவறியமை.

"வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

"ஒண்ணு கேக்கணும் சார். அந்தப் போன் இருக்கிற ரூம்ல ஏழு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தர் எடுத்திருந்தா செலவு எவ்வளவு சார்?"

இயக்குநர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. செலவைக் குறைக்கிறவங்களைப் போன் எடுக்க வச்சா, அந்த ஏழு பேர் சம்பளமும் போன் செலவுல சேந்துடும். அப்ப போன் செலவு எங்க போய் நிக்கும்? இப்ப அது நிர்வாகச் செலவுல இருக்கு. அங்க யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு ஒரு ஆள் பெரிசாத் தெரியுது. நான் பத்து பிளாக்கையும் பாக்கணும். பில்லுல இந்த இனத்துக்கு ஒரு வரி இருந்துச்சு. போன மாசம் அது பூஜ்ஜியமாகியிருக்கணும். உங்க ஒருத்தரால அந்த வரி திரும்பி வந்துடுச்சு. வருத்தமா இருக்கு."

நிஜமாகவே அவர் குரல் தழுதழுத்தது. அந்த அறையில் அன்று துக்கம் விசாரிக்கப்பட்டது அந்த வரிக்கு மட்டும்தான்.

தீர்ப்பில் இரக்கம் காட்டினார்கள். மெக்கானிக்குக்கு இறுதி எச்சரிக்கை. எதிர்காலத்தில் இத்தகைய விரயம் நேராதிருக்கப் பத்து லிஃப்டுக்கும் புதிய தகரப் பலகை. பிரிவு எழுதிய வாசகம், சிவப்பு எழுத்தில்:

மயக்கம் வருவதாக உணர்ந்தால், மயங்குவதற்கு முன் ரிசீவரை அதன் இடத்தில் வைக்கவும்.

பலகைகளை மாட்டும் வேலை மெக்கானிக்குடையது. ஒவ்வொன்றும் கைநீளத் தகரம், நாலு மூலையிலும் நாலு ஓட்டை. பத்துப் பலகை, நாற்பது திருகாணி, ஒரு பேட்டரி டிரில். எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

அவற்றைச் சுமந்துகொண்டு நடைக்கு வந்தவர், பிரிவு அறைக்கு எதிரே பெஞ்சில் கண்டக்டரின் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். காரியம் முடிந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. மடியில் ஒரு படிவம்.

"அண்ணி, நீங்க எங்க இங்க?"

"கையெழுத்துப் போடணும்னு கூப்பிட்டு விட்டாங்க தம்பி. காலையில இருந்து உக்காந்திருக்கேன். உள்ள மீட்டிங்காம். எழுத்து பொடிசா இருக்கு, என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். லிஃப்டில் மாட்டிய ஒவ்வொருவரும் போட வேண்டிய வழக்கமான படிவம். கையெழுத்து இடுபவர் என்ற இடத்தில் பேனாவால் அடித்து, "வாரிசு" என்று மேலே எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் அச்சில் ஒரே ஒரு வாக்கியம். புகார் உரிய நேரத்தில் கவனிக்கப்பட்டுத் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

அவர் படிக்கவில்லை. படிவத்தை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பலகைகளைத் தரையில் இறக்கினார். பிரிவின் கதவு இரட்டைக் கதவு. உள்ளே ஏழு குரலும் கேட்டன. பேச்சு கேடயத்தைப் பற்றி. அடுத்த மாதம் பூஜ்ஜியம் வந்தால் தேதியை மட்டும் மாற்றிப் பொறித்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார்கள், சிரிப்பு எழுந்தது.

அவர் முதல் பலகையை எடுத்து, இரண்டு கதவுக்கும் குறுக்கே வைத்து, நாலு திருகாணியையும் இறக்கினார். நல்ல வேலைக்காரர், ஒன்றுகூடச் சாயவில்லை. இரண்டாவதை அதற்குக் கீழே வைத்தார். டிரில் சத்தம் இந்த அலுவலகத்தில் பழகிய சத்தம்தான், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பத்தாவது பலகைக்கு அவர் முழங்கால் போட்டு உட்கார வேண்டியிருந்தது. மேலிருந்து கீழ்வரை கதவு முழுக்க, மயங்குவதற்கு முன் ரிசீவரை அதன் இடத்தில் வைக்கவும்.

நாற்பது திருகாணியும் தீர்ந்தன. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மா கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ கதவை இழுத்தார்கள். பிறகு தட்டினார்கள். பிறகு ஏழு பேருமாகத் தட்டினார்கள். திருகாணியைக் கழற்றத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். அது கடைசியில் அவர்களுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கோப்புகள் தரையில் சரியும் சத்தம் கேட்டது. பல மாதமாக வாய் மூடிக் கிடந்த தரைவழிப் போனை யாரோ கையில் எடுத்தார்கள்.

மெக்கானிக்கின் பாக்கெட்டில் மணி அடித்தது. அலுவலக எண். அவர் கைபேசியை எடுத்துப் பெஞ்சில் இருவருக்கும் நடுவே வைத்தார்.

"அடிக்குதே தம்பி, எடுக்கலையா?"

"எடுக்கக் கூடாது அண்ணி. எண்ணணும்."

இருவரும் எண்ணினார்கள். ஐந்து. எட்டு. உள்ளே சூப்பிரண்டு கத்துவது கேட்டது, "எடுடா! எடுடா!" என்று. பதினொன்று. பன்னிரண்டு.

"பதிமூணு" என்றார் கண்டக்டரின் மனைவி.

"அப்படி ஒரு பிளாக்கே இங்க இல்லை, அண்ணி" என்றார் மெக்கானிக்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதவரை நிர்வாகத்துக்கு அதில் ஒரு காசு செலவில்லை.